விசாரிக்க ஆளில்லாத ஊர்

வணக்கம் ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. வெளிநாட்டில் நடக்கும், காதலும் மர்மமும் கலந்த பழைய ஆங்கில நாவல்களை விரும்பிப் படிப்பேன். அவற்றை எழுதியவர்களில் மேரி ஸ்டூவர்ட் என்றால் உயிர். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், ‘கோட்டை, கார், கடற்கரை... எல்லாம் இல்லாதவர்கள் காணும் பணக்காரக் கனவு’ என்று சிரித்தார். அவமானமாகிவிட்டது. இப்போது பைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோகிறேன். இவை இலக்கியம்தானா? இவற்றின் கவர்ச்சி வெறும் ஆடம்பரமா? முட்டம் கடற்கரையும் பத்மநாபபுரம் அரண்மனையும் இருக்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏன் இப்படி ஒரு நாவல் வரவில்லை?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

இலக்கியமா என்ற கேள்வியை விடுங்கள். அதற்குச் சான்றிதழ் கொடுக்கிற வேலையில் நான் இல்லை. ஆனால் ஒருவர் சிரித்தார் என்பதற்காகப் புத்தகத்தைப் பைக்குள் ஒளிக்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். மேரி ஸ்டூவர்ட்டின் ‘மை பிரதர் மைக்கேல்’ படித்திருப்பீர்கள். அதன் கதாநாயகி கமில்லாவும் உங்களைப் போல ஆசிரியைதான். ஏதென்ஸில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தனக்கு எதுவுமே நடப்பதில்லை என்று தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். முன்பின் தெரியாத ஒருவன் வந்து கார் சாவியைக் கொடுத்து டெல்பிக்குக் கொண்டுபோகச் சொல்கிறான். அவள் ஓட்டிக்கொண்டு போகிறாள். நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே பயப்படுகிறீர்கள்.

ஆடம்பரம் இல்லை என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய இறைச்சி ரேஷன் முடிந்ததே 1954 ஜூலையில்தான். அந்தக் காலத்து வாசகிக்கு பிரான்ஸின் வெயிலும் சாப்பாடும் ஏக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கதாநாயகிகளைப் பாருங்கள். ‘தி மூன்ஸ்பின்னர்ஸ்’ நிக்கோலா தூதரகத்தில் செகரட்டரி, ஈஸ்டர் விடுமுறைக்குக் கிரீட் தீவுக்குப் போகிறாள். ‘நைன் கோச்சஸ் வெயிட்டிங்’ லிண்டா ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. கோட்டை அவள் வேலை பார்க்கும் குடும்பத்துடையது. இவர்கள் மூவரும் சம்பளக்காரிகள்.

எனக்கு ஓர் அத்தை இருந்தாள். மலையோரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நாகர்கோவிலில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து இந்த நாவல்களை எடுத்துவந்து பஸ்ஸில் படிப்பாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வீடே துப்பறியும் இலாகாவாக மாறியது. பெரியப்பா அந்த ஊர் உபதேசியாரிடம் விசாரித்தார். அப்பா ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரரிடம். இன்னொருவர் மாப்பிள்ளையின் ஆபீஸ் பியூனுக்கு டீ வாங்கிக்கொடுத்து, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டுவந்தார். கடன், நோய், தாத்தா காலத்து சொத்து வழக்கு, எல்லாம் தெரிந்தது. மாமா நல்லவர்தான், கடைசிவரை அத்தையைத் தாங்கினார். ஆனால் அவர் நல்லவர் என்று கண்டுபிடித்தது அத்தை இல்லை. அந்தப் பரீட்சையை அவளுக்காக மற்றவர்கள் எழுதி, பாஸும் ஆகிவிட்டார்கள்.

இப்போது உங்கள் நாவல்களுக்கு வருகிறேன். லிண்டாவின் பொறுப்பில் இருக்கிற சிறுவனைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவள் காதலிக்கிற ராவுலும் அந்தச் சதியில் உண்டா? கேட்க ஆளில்லை. ‘மேடம், வில் யூ டாக்?’ சாரிட்டி, கொலைகாரன் என்று நம்பி ஒருவனிடமிருந்து பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதி முழுக்கக் காரில் தப்பி ஓடுகிறாள். கடைசியில் அவனைத்தான் காதலிக்கிறாள். அவன் குரலையும் கண்ணையும் வைத்து அவளே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தவறினால் உயிர் போகும். இந்த நாவல்களில் காதலும் மர்மமும் ஒரே கேள்விதான்: இவனை நம்பலாமா? அதை ஒரு பெண் தனியாகக் கேட்டுக்கொள்ள, அவள் அப்பா பெயர் யாருக்கும் தெரியாத ஊர் ஒன்று வேண்டும். கடலும் மலையும் அழகாகவும் இருந்துவிட்டால் நல்லது, அவ்வளவுதான். உங்கள் சக ஆசிரியருக்கு இது புரியாததில் ஆச்சரியமில்லை. நம்மூரில் ஆண்பிள்ளை ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத ஊரில் இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

(அந்த வெளிநாட்டு ஊர்க்காரர்கள் இந்த நாவல்களில் பெரும்பாலும் படகோட்டியாகவும் ஓட்டல் பணியாளாகவும் வந்துபோகிறார்கள். அந்தக் குறை உண்டு. இன்னொரு நாள் பேசலாம்.)

அப்புறம், நம் மாவட்டம். 1981-இல் வந்த, முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்திலேயே சிக்கல் என்ன? யார் வீட்டுப் பிள்ளை யாரைக் காதலிக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடுவதுதானே? பத்மநாபபுரத்தில் கொலை வைக்கலாம். அரண்மனை கேரளத் தொல்லியல் துறை கையில் இருப்பதால் இரண்டு மாநிலப் போலீஸும் வரும், சுவாரசியம்தான். ஆனால் கதாநாயகி உள்ளூர்க்காரியாக இருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு சித்தப்பா எதிரே வந்துவிடுவார். வெளியூரிலிருந்து இறக்குங்கள், நீங்களே எழுதுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் மட்டும் அவள் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கேட்டால், “நீ யாருக்க மவளாக்கும்?” என்று ஒரு பாட்டி ஆரம்பிப்பாள். பஸ் தக்கலை போய்ச்சேர்வதற்குள் ஹீரோவின் குலம் கோத்திரம், கொலைகாரன் யார், எல்லாம் தெரிந்துவிடும்.