பின் டயரை ஒரு சைஸ் பெரிதாக்கலாமா?

கேள்வி: என் 100 சிசி பைக்கின் பின் டயர் தேய்ந்துவிட்டது. இப்போதிருப்பது 2.75-18 (2.75 அங்குல அகலம், 18 அங்குல ரிம்). பிடிமானத்துக்காக 100/90-18 (100 மி.மீ. அகலம்) போடலாமா?

பதில்: வேண்டாம். குறுகலான ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி உருண்டுவிடும். சாலையில் படும் பரப்பு எதிர்பார்த்த அளவு கூடாது. செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசலாம். எடை கூடுவதால் மைலேஜும் குறையும். 2.75-18க்குப் பதிலாகப் பொதுவாகப் பொருந்துவது 80/100-18. நல்ல பிடிமானம் வேண்டுமென்றால் அகலத்தை விட்டுவிட்டு நல்ல ரப்பரைத் தேடுங்கள்.

சைஸுக்கு அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். எண், டயர் தாங்கும் அதிகபட்ச பாரம்; எழுத்து, அதிகபட்ச வேகம். 47P என்றால் 175 கிலோ பாரம், மணிக்கு 150 கி.மீ. வேகம். 54P என்றால் 212 கிலோ. பின்னால் ஆள் ஏற்றுபவர்கள் பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. பக்கச்சுவரில் 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. கடைக்காரர் தள்ளுபடி தருகிறார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயர் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் உள்ளே டியூப் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் சாதாரண ஸ்போக் ரிம்மில் ஸ்போக் துளைகள் வழியே காற்று கசியும். டியூபையும், ஸ்போக் முனைகள் அதைக் குத்தாமல் மூடும் ரிம் டேப்பையும் புதிதாகவே போடுங்கள். நீண்டு தளர்ந்த பழைய டியூப் உள்ளே மடிந்து, மடிப்பிலேயே கிழியும். டயரின் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அச்சு நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.