கேளுங்கள்: விரல் பற்றி வந்த கடிதங்கள்

சென்ற இதழில் பூக்காரம்மாவின் முழக் கணக்கைப் பற்றி எழுதும்போது, பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணம், மன்னார்குடி, சீர்காழி, ஒரத்தநாடு என்று டெல்டா முழுவதிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடிதமும் விரலைப் பற்றித்தான். சரி, இந்த இதழில் வேறு எதற்கும் இடமில்லை, விரலுக்கே பக்கத்தைக் கொடுத்துவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: மாமியார் எழுதி வைத்திருக்கும் சமையல் நோட்டில் "ரெண்டு வெரக்கடை இஞ்சி", "பருப்புக்கு மேல ஒரு வெரக்கடை தண்ணி" என்று இருக்கிறது. இது விரலின் நீளமா, அகலமா? எத்தனை சென்டிமீட்டர்?

அகலம்தான். எழுத்தில் விரற்கடை, பேச்சில் வெரக்கடை. இஞ்சியைப் பலகையில் வைத்து, பக்கத்தில் இரண்டு விரலைச் சேர்த்துப் படுக்க வைத்துப் பாருங்கள், அந்த அகலம் எவ்வளவோ அவ்வளவு நறுக்க வேண்டும். நீளம் வேண்டுமென்றால் நம் பெண்கள் அதைத் தனியாகச் சொல்லிவிடுவார்கள்: "முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கு." தண்ணீருக்குக் கணு என்று இன்னொரு அளவும் உண்டு. அரிசியின் மேல் ஆள்காட்டி விரல் நுனியை நிறுத்தினால் முதல் கணு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்பார்கள். கணுவும் விரற்கடையும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணக்கு வேண்டுமா? முழத்தை ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால் சாண் முக்கால் அடி, விரற்கடை முக்கால் இஞ்ச். அதாவது 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நோட்டில் அடித்துவிட்டு சென்டிமீட்டர் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாமியார் பக்கத்தில் இருந்தால் அவர் விரலையும் உங்கள் விரலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அவர் விரல் பருமன் என்றால் உங்களுக்கு இஞ்சி கொஞ்சம் கூடவே போட வேண்டியிருக்கும். அந்த நோட்டு அவர் கைக்கு எழுதப்பட்டது.

அப்புறம், அதே நோட்டில் "சிட்டிகை" என்று வந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடி எடுப்பது. "வெருகடி" என்று வந்தால் அது மருந்துப் பகுதியாக இருக்கும். மூன்று விரல் நுனி சேர்த்து அள்ளும் தூள், சித்த வைத்தியர்களின் அளவு.

பாபநாசத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சுவாமிமலையில் சாமி சிலை செய்யும் பட்டறைக்குப் போனோம். ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து மடித்து அளந்தார். ஸ்கேலே இல்லை. எப்படிச் சரியாக வருகிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் பார்த்தது ஒடியோலை. செய்யப் போகும் சிலையின் உயரத்துக்கு ஒரு ஓலை நறுக்கை வெட்டிக்கொள்வார்கள். சிவன், விஷ்ணு போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற கணக்கு, மொத்தம் 124 அங்குலம். ஓலையை அந்தக் கணக்குப்படி பிரித்து மடித்து, நகத்தால் அழுத்திக் குறி வைப்பார்கள். முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று எல்லாம் அந்த மடிப்பிலேயே இருக்கும். பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலம். ஒரு அங்குலத்துக்குள் எட்டு யவை, அதாவது எட்டு வாற்கோதுமை மணி. மெழுகு உருவத்தின் பக்கத்தில் ஓலையை நிறுத்தி, மடிப்பு வரும் இடத்தில் குறிப்பார்கள். அந்த மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசி, காய்ந்தபின் சூடாக்கி, மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அங்குலம். அங்குலி என்றால் வடமொழியில் விரல். ஆனால் இது பள்ளிக்கூட ஸ்கேலில் இருக்கும் 2.54 சென்டிமீட்டர் அங்குலம் இல்லை. சிற்ப நூல்களில் மூன்று வகை அங்குலம் சொல்லப்படுகிறது. எட்டு யவை தானியத்தை வரிசையாக வைத்து அளப்பது மானாங்குலம். சிலை செய்விப்பவரின் நடுவிரல் நடுக்கணுவை வைத்து எடுப்பது மாத்திராங்குலம். சிலையின் உயரத்தையே 124 ஆகவோ 120 ஆகவோ பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது தேகலப்தாங்குலம். நீங்கள் ஓலையில் பார்த்தது இந்த மூன்றாவது. ஆகவே பூஜை அறையில் வைக்கும் அரை அடி நடராஜருக்கும், கோயில் உற்சவத்துக்குப் போகும் நான்கடி நடராஜருக்கும் அங்குல எண்ணிக்கை ஒன்றே, அங்குலம்தான் வேறு. ஒவ்வொரு சிலைக்கும் அதற்கென்று ஒரு விரல் உண்டு. ஸ்கேல் வைத்தால் ஒவ்வொரு உயரத்துக்கும் தனியாக வகுத்துக் கணக்குப் போட வேண்டும். ஓலையில் மடித்த உடனேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்த முறை போனால், அனுமதி கேட்டு அந்த ஓலையை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்: என் அப்பாயி எதையும் விரலை மடக்கி எண்ண மாட்டார். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவித் தடவி எண்ணுவார். ஏன்?

உங்கள் அப்பாயி களத்தில் நெல் அளந்தவர்களோடு இருந்திருப்பார். கட்டைவிரலை விட்டுவிட்டுப் பாருங்கள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக பன்னிரண்டு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு கையைத் தடவி முடித்தால் ஒரு கலம் முடிந்தது.

எங்கள் ஊர்க் களத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அளப்பவர் மரக்காலைத் தலை தட்டிக் கொட்டும்போது "லாபம்" என்று தொடங்குவார். ஒன்று என்று சொல்ல மாட்டார். அப்புறம் இரண்டு, மூன்று என்று ராகமாக இழுத்துக்கொண்டே போவார். எதிரே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் பாட்டியின் வாய் திறக்காது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் சுண்டுவிரல் அடிக்கணுவிலிருந்து மேலே ஏறிப் போகும். பன்னிரண்டு ஆனதும் இடது கையில் ஒரு விரலை மடக்குவார். இடது கை முழுக்க மூடினால் ஐந்து கலம், அறுபது மரக்கால். அளப்பவர் ஒன்றைத் தாண்டிச் சொல்லிவிட்டால் பாட்டியின் கட்டைவிரல் அசையாமல் நிற்கும். "என்னப்பா, ஒம்பது எங்கே போச்சு?" கையெழுத்துப் போடத் தெரியாதவர் அவர். அவர் கணக்கை நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை.

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு எழுபது வயது. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆதாரில் பத்து விரலின் ரேகையும் பதிவாகியிருக்கும். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோதிர விரல் பல பேருக்கு விழுகிறது, அதற்குத் தேய்மானம் குறைவு. கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கலாம். கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடை என்றால் அதைக் கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதியவும் முடியும். நடக்க முடியாதவர் என்றால், வேறொருவர் வாங்கிக்கொள்ள ஒப்புதல் கொடுக்கும் படிவம் இருக்கிறது.

இனி மனதில் உள்ளது. உங்கள் அம்மா நடவு நட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சேற்றில் நாற்றை ஊன்றும்போது வேலை முழுக்கக் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும்தான். சம்பா, குறுவை என்று நாற்பது வருஷம் சேறு தேய்த்த தோலில் ரேகை எங்கே நிற்கும்? காதலன் பிரிந்து போன நாளைச் சுவரில் கோடு போட்டு, அதைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்தது என்று வள்ளுவர் ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார் (குறள் 1261): "நாளொற்றித் தேய்ந்த விரல்". இந்த மண்ணில் நாற்று ஊன்றித் தேய்ந்த விரல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உழைத்து உழைத்தே அடையாளம் அழிந்த ஒருவரை, அடையாளம் இல்லை என்று அரிசி கொடுக்காமல் அனுப்புவது அநியாயம். வரிசையில் எல்லோர் முன்னாலும் விரலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி நிற்க வேண்டியதில்லை. அம்மா தனியாகப் போகாமல், நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள்.

சீர்காழியிலிருந்து பள்ளி மாணவி: நொடி என்றால் செகண்ட். அதற்கும் விரலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் தமிழம்மா சொன்னார். உண்மையா?

உண்மைதான். நொடி என்பது கைந்நொடி, விரலைச் சொடுக்கும் நேரம். எழுத்தை ஒலிக்கும் மாத்திரைக்குத் தொல்காப்பியர் அளவு சொல்லும்போது "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்கிறார். ஒரு முறை கண் இமைக்கும் நேரம், அல்லது ஒரு முறை விரல் சொடுக்கும் நேரம். கடிகாரம் வந்தபிறகு அந்தச் சொல்லை செகண்டுக்கு எடுத்துக்கொண்டோம். உங்கள் தமிழம்மாவுக்கு என் வணக்கம்.

திருவையாற்றிலிருந்து பாட்டு கற்கும் ஒருவர்: ஆதி தாளத்துக்குச் சுண்டுவிரலிலிருந்துதான் எண்ண வேண்டுமா? எனக்கு ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணுவது சுலபமாக இருக்கிறது.

சுண்டுவிரல்தான், மாற்றாதீர்கள். ஒரு தட்டு, அப்புறம் சுண்டு, மோதிரம், நடு, இது லகுவின் (தட்டி விரல் எண்ணும் பகுதியின்) நான்கு. அதன்பின் இரண்டு முறை தட்டித் திருப்பினால் எட்டு. கண்ட லகு என்றால் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஐந்தாகும். மிஸ்ரம் என்றால் ஏழு, கட்டைவிரலையும் தாண்டி மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் எண்ணுவதால்தான், மேடையில் இருப்பவர் சபையில் ஒருவர் கையைப் பார்த்தாலும் எந்த எண்ணிக்கையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்.

என் அப்பா தவில்காரர். வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார். இடது கையில் பூவரசங்குச்சி. துணியை மாவுப் பசையில் தோய்த்து விரலில் சுற்றி, காயவிட்டுச் செய்யும் கூடு அது. கல் மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று, இடம் மாற்றி மாட்டினால் ஏறாது. கச்சேரி இல்லாத நாளிலும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டேதான் இருப்பார். அப்போதும் தாளத்தைச் சுண்டுவிரலிலிருந்துதான் எண்ணுவார்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்: "விரலுக்கேத்த வீக்கம்" என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டார்கள். தவறான சொல்லா?

தவறான சொல் இல்லை, நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். "எங்க விரலுக்கேத்த வீக்கம், இவ்வளவுதான் செய்ய முடியும்" என்றால் பணிவு. அதையே எதிராளிக்குச் சொன்னால் உன் தகுதி இவ்வளவுதான் என்று ஆகிவிடும். நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து முதல் முறை ஓட்டுப் போட்டவர்: மை ஏன் இடது கை ஆள்காட்டி விரலில்? அந்த விரல் இல்லாதவருக்கு?

வலது கை சாப்பிடும் கை, வேலை செய்யும் கை. அதனால் இடது கைதான் வசதி என்பது என் எண்ணம். விதி சொல்வது இது: இடது ஆள்காட்டி இல்லாவிட்டால் இடது கையில் வேறு விரல், இடது கையிலேயே விரல் இல்லாவிட்டால் வலது ஆள்காட்டி. மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலோடும் நகத்தோடும் அது ஒட்டிக் கறுத்துவிடுவதால் சோப்புக்கு அசையாது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து பயன்படுகிறது. மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று செய்கிறது. தோலில் உள்ளது சில வாரத்தில் உரிந்துவிடும். நகத்தில் உள்ளது நகம் வளர வளரத்தான் போகும், சுரண்டிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

மரக்கால், படி, உழக்கு பற்றி வந்திருக்கும் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய பித்தளைப் படி இருப்பவர்கள், அதன் விளிம்பில் ஏதாவது எழுத்து பொறித்திருந்தால் எழுதி அனுப்புங்கள்.