மூடிய கம்பெனி, பாதிச் சம்பளம், நான்கு பேர் சாப்பாடு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்படப் பட்டறையில்) 8 வருடம் மோல்டிங் வேலை பார்த்தார். இரண்டரை மாதத்துக்கு முன் கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசிச் சம்பளம் 17,500. இப்போது தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம் என்று மாதம் 8,500 போல வருகிறது. நான் ஜாக்கெட் தைப்பதில் 3,000, மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 12,500. வாடகை 5,500, குழுக் கடனுக்கு வாரம் 600, ஏலச்சீட்டு 2,000. மிச்சத்தில் நான்கு பேர் எப்படிச் சாப்பிடுவது? மகள் 5-ஆம் வகுப்பு, மகன் 2-ஆம் வகுப்பு. மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் பருவக் கட்டணம் 9,000 பாக்கி. கணவர் வெளியே போவதையே விட்டுவிட்டார். ‘சும்மா உட்கார்ந்து அரசாங்கக் காசு வாங்குகிறேன்’ என்று புலம்புகிறார். சொந்தக்காரர் யாருக்கும் சொல்லவில்லை. எதைத்தான் குறைப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: அன்புத் தங்கைக்கு, எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு சொல் கண்ணில் பட்டது. ‘மூடிவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டு வந்தவருக்கும், கம்பெனி மூடியதால் வேலை போனவருக்கும் கணக்கே வேறு. உங்களுக்கு வரவேண்டிய பணம் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டுக் குழந்தைகளின் பாலைக் குறைக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் வாங்குவது ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ திட்டத்தின் பணம். சராசரி தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான். இதே ஈ.எஸ்.ஐ.யில் 2005-லிருந்து இன்னொரு திட்டம் இருக்கிறது. பெயர் ‘ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண்’. தொழிற்சாலை மூடப்பட்டதால் அல்லது ஆட்குறைப்பால் வேலை போனவர்களுக்கானது. முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். கூடவே ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொண்டு இதற்கு மாற முடியுமா என்பதை உங்கள் கிளை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். முதலாளி முறைப்படி மூடுவதாக எழுத்தில் கொடுத்தாரா, சும்மா கேட்டைப் பூட்டிவிட்டுப் போனாரா என்பதுதான் இதில் முக்கியம். கடிதம் இல்லையென்றால், கூட வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். தனியாகப் போனால் அலைக்கழிப்பு அதிகம்.

அப்புறம் கிராஜுவிட்டி. ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் முதலாளி தரவேண்டியது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 8 வருடத்தால் பெருக்கினால் 55,000-க்குக் கொஞ்சம் மேலே வரும். 30 நாளில் கொடுத்திருக்க வேண்டிய பணம். இரண்டரை மாதம் ஆகியும் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிராஜுவிட்டியோடு கம்பெனியை மூடியதற்கான இழப்பீடும் தனியாக உண்டு. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், கொடுத்த மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை மட்டும் அவசரப்பட்டு மொத்தமாக வாரிவிடாதீர்கள். முக்கியமாக அதில் இருக்கும் பென்ஷன் பகுதியை. 10 வருடம் சேர்ந்தால்தான் பிற்காலத்தில் மாதாமாதம் பென்ஷன். உங்கள் கணவருக்கு 8 ஆகிவிட்டது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் எட்டும் போச்சு. ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ என்று ஒன்று கொடுப்பார்கள், அதை வாங்கி வைத்தால் அடுத்த கம்பெனியில் பார்க்கும் வருடங்கள் இதோடு சேர்ந்துகொள்ளும்.

சரி, இனி வீட்டுக் கணக்கு. நீங்கள் எழுதியபடியே பார்த்தால் வாடகை, குழு, சீட்டு மூன்றுக்கும் 9,900 போய்விடுகிறது. கையில் நிற்பது 2,600. இந்த 2,600-ஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செலவழித்தாலும் நான்கு பேருக்குக் காணாது. உங்கள் சிக்கனத்தில் குறை ஒன்றும் இல்லை. சமையலறைக்கு வருவதற்கு முன்னாலேயே பணம் தீர்ந்துபோகிறது. அதனால் கை வைக்க வேண்டியது பருப்பிலும் எண்ணெயிலும் இல்லை, அந்த 9,900-இல்.

சீட்டில் இருந்து தொடங்குங்கள். நீங்கள் இன்னும் சீட்டு எடுக்காதவர் என்று நினைக்கிறேன். பணமுடை என்று தெரிந்தால் ஏலத்தில் பெருந்தொகையைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுக்கச் சொல்லிச் சுற்றி இருப்பவர்களே தூண்டுவார்கள். வேண்டாம். சீட்டு நடத்துபவரிடம் போய், இந்தச் சீட்டை வேறு யாருக்காவது கைமாற்றிவிடச் சொல்லுங்கள். புதிதாக வருபவர் இதுவரை நீங்கள் கட்டியதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டிக்கொள்வார். அக்கம்பக்கத்துச் சீட்டுகளில் இது நடக்கிற காரியம்தான். ஒருவேளை எடுத்துவிட்டீர்கள் என்றால் அது கடன், கட்டித்தான் ஆக வேண்டும். அப்போது தவணைக்கு அவகாசம் மட்டும் கேட்கலாம்.

வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நான்கைந்து மாத வாடகையாவது இருக்கும். மூன்று மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளும்படி கேளுங்கள், வேலை கிடைத்ததும் மாதம் 1,000, 1,500 என்று திரும்ப நிரப்பித் தருகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாடகை தவறிய பிறகு கேட்பதைவிட, தவறுவதற்கு முன்னால் போய்க் கேட்டால் பெரும்பாலோர் மனம் இறங்குவார்கள். கணவரும் நீங்களும் சேர்ந்தே போங்கள்.

குழுக் கடனை நிறுத்தாதீர்கள். அதில் மற்றப் பெண்களும் மாட்டிக்கொள்வார்கள், நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் வேலை போனதைச் சொல்லித் தவணையை நீட்டித்துத் தரக் கேட்கலாம். ஒருவேளை தவறிவிட்டால் பயந்து வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். நுண்கடன் வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் உங்களைக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, தரக்குறைவாகப் பேசக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போது பாருங்கள். சீட்டு 2,000, வாடகை 5,500 இரண்டும் மூன்று மாதத்துக்கு நின்றால் கையில் 10,100. கேஸ், கரண்ட், செல்போனுக்கு 1,800 எடுத்து வைத்தால் 8,300. இதை மாதத்துக்கு என்று நினைக்காதீர்கள். 30-ஆல் வகுத்து, நாளைக்கு 275 ரூபாய் என்று நினையுங்கள்.

இதை நான் என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அம்மா தினமும் காலையில் எண்ணெய்த் தூக்கில் இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அன்றைக்கான எண்ணெயை ஊற்றி அடுப்புத் திட்டில் வைப்பார். தாளிக்க, தோசைக்கு, எல்லாம் அதற்குள். கிண்ணம் காலியானால் அன்றைக்கு ஆவியில் வேகவைத்ததுதான். மாலையில் மிச்சம் இருந்தால் மறுநாள் கிண்ணத்தோடு சேரும், மூன்று நாள் மிச்சம் பிடித்தால் எங்களுக்குப் பணியாரம். 20-ஆம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாமல் போனதே இல்லை. நீங்களும் பத்து நாள் பணத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மிச்சத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள்.

ரேஷனை முழுசாக வாங்குங்கள். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடையில் இந்தப் பருப்பும் எண்ணெயும் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரேஷன் அரிசியைக் குழந்தைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நன்றாகக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து அரிசிம்பருப்பு சாதமாக வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தட்டிப் போட்டால் அது எந்த அரிசி என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம் பக்கத்துச் சமையலே கஷ்டகாலத்துக்குக் கை கொடுக்கிற சமையல்தான். கொள்ளு ஒரு தம்ளர் வேகவைத்தால் தண்ணீர் ரசத்துக்கு ஆச்சு, பருப்பு கடைசலுக்கு ஆச்சு. ராகிக் களிக்கு ஒரு கீரைக் கடைசல் போதும். முட்டையையும் பாலையும் மட்டும் குழந்தைகளுக்குக் குறைக்காதீர்கள். நாமிருவரும் காபியைக் கடுங்காபி ஆக்கிக்கொள்வோம் என்று கணவரிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

கரண்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அது நேரடி இணைப்பு என்றால் உங்களுக்கே வரும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து வசூலித்தால் யூனிட்டுக்கு என்ன போடுகிறார் என்று பாருங்கள். மருந்து மாத்திரைக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள், சலுகை இருக்கும் வரை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கே போங்கள்.

பள்ளிக் கட்டணத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன், நீங்களும் யோசித்து முடிவு செய்யுங்கள். இந்தப் பருவத்து 9,000-ஐ மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆனால் வருகிற ஜூனில் மகளை 6-ஆம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள். காசு இல்லாததால் மட்டும் சொல்லவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பெண்கள் கல்லூரி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6 முதல் 12 வரை படித்த பள்ளியைத்தான் பார்க்கின்றன. எட்டாவதில் மாற்றினால் அந்தக் கதவுகள் மூடிவிடும். உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள். மகனுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி, மதியச் சத்துணவு, புத்தகம், சீருடை எல்லாம் உண்டு. பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்தினாலும், சான்றிதழ் வரவில்லை என்று 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் இல்லை.

கடைசியாக உங்கள் கணவர். ‘அரசாங்கக் காசு’ என்கிறாரே, அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். ஈ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம், 17,500-க்கு மாதம் 130 ரூபாய் சொச்சம். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டினார், அது 570 ரூபாய் அளவில். உலைச் சூட்டில் நின்று மணல் அச்சுப் பிடித்த 8 வருடமும் மாதாமாதம் போன காசு அது. இன்றைக்கு வருவது அந்தக் காசின் பலன். எனக்கும் அப்பா அந்த நாட்களில் திண்ணையில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்த முதுகு இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாரும் திட்டவில்லை, ஆனால் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனோம். அது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் அந்த 275 ரூபாயில் காய்கறிப் பணத்தை அவர் கையில் கொடுங்கள். சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் காலையில் அவரே போகட்டும். சந்தை முடியும் நேரத்தில் விலை இறங்கும். அங்கே நாலு பேரைப் பார்ப்பார், எந்தப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சும் காதில் விழும். வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கிறது என்று யார் வந்து சொல்வார்கள்? உங்கள் அண்ணனுக்கோ அவருடைய மாமாவுக்கோ இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ள வேறு வேலையில் சேர்ந்தால் இந்த உதவி நின்றுவிடும், அதை அலுவலகத்தில் மறைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை கிளை அலுவலகத்துக்குப் போகும்போது ஈ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனி கொடுத்த ஏதாவது ஒரு தாள், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணவரோடு நீங்களும் போங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.