கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதமாகிறது, கூச்சத்தால் யாரோடும் பேச முடியவில்லை. முதல் வருடத்தை எப்படிச் சமாளிப்பது?

"ஹாஸ்டலை விட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். 2017-இல் நானும் இதே யோசனையோடு பல இரவுகள் விழித்திருந்தேன்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, பெண்கள் பள்ளி. அப்போது இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு கிண்டிக்கு நேரிலேயே போக வேண்டும். அடுத்த வருடம்தான் ஆன்லைனுக்கு மாறியது. அங்கே கேட்க வேண்டியதையெல்லாம் அப்பாவே கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கிடைத்தது. அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறிய பிறகுதான், இனி எனக்காகக் கேட்க ஆள் இல்லை என்பது உறைத்தது.

முதல் இரண்டு மாதம் நான் செய்த தவறு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லா இடத்துக்கும் போனது. மெஸ் ஏழரைக்குத் திறப்பார்கள். நான் எட்டே முக்காலுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை மாலை ஆனால் மதுரைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வீட்டுக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் பழகிக்கொண்டதெல்லாம் அந்த ஏழரை மணி மேசையிலும், சனி ஞாயிறில் துணி துவைக்கும் இடத்திலும்தான். திங்கட்கிழமை நான் திரும்பும்போது அவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருப்பார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கூடியிருக்கும். அதனால் வீட்டுக்குப் போவதை மாதம் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு தினமும் போனில் பேசுங்கள், அதில் தப்பே இல்லை.

எனக்குக் கதவு திறந்தது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில். கோடு போட உதவும் டிராஃப்டர் என்ற கருவியை வரைபலகையில் மாட்டி ஸ்கேல் நேராக நிற்கும்படி ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். என்னுடையது முறுக்க முறுக்கச் சாய்ந்துகொண்டே இருந்தது. சார் கோடு போடச் சொல்லிவிட்டார், எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். ரோல் நம்பர்படி எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண், "நீ ஸ்கேலைப் பிடிச்சுக்கோ, நான் முறுக்குறேன்" என்றாள். அவ்வளவுதான். அன்று இரண்டு மணி நேரமும் வேலையைப் பற்றி மட்டுமே பேசினோம். "ஃப்ரன்ட் வியூ எக்ஸ் ஒய் கோட்டுக்கு மேலயா, கீழயா?" "மேல. டாப் வியூதான் கீழ." மூன்றாவது வாரம் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டே, "நீ சாப்பிட எத்தனை மணிக்குப் போவ? ஒரு நாளும் காணலயே" என்று கேட்டாள். அன்றிலிருந்து நானும் ஏழரைக்கு.

தினமும் ஐந்து பேரிடம் வலியப் போய்ப் பேசு என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு வாரம் செய்து பார்த்தேன், இரவில் தலைவலிதான் மிச்சம். நம்மைப் போன்றவர்களுக்கு வெறுங்கையோடு போய் "நான் இன்னார்" என்று ஆரம்பிப்பதுதான் கஷ்டம். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு அந்த வேலையைப் பற்றியதாகிவிடும், நம்மைப் பற்றியதாக இருக்காது. அதே ஆளோடு அதே வேலையை நாலு தடவை செய்தால் பழக்கம் தானாக வரும். இதை நம்பித்தான் என்.எஸ்.எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். ஏழு நாள் முகாமில் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. காய் நறுக்கினேன், பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தேன், பந்தி பரிமாறினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

வகுப்பில் வாய் திறப்பது வேறு விஷயம், அது எனக்கு இன்னும் தாமதமானது. இயற்பியல் லேபில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் ஆங்கிலத்தில் வரவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்து மேம் மார்க்கைக் குறைத்துவிட்டார். அடுத்த நாள் அப்சர்வேஷன் நோட்டோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "மேம், எனக்குப் பதில் தெரியும். இங்கிலீஷ்ல உடனே வரல. தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லு" என்றார். வாசலில் நின்று அந்த வாக்கியத்தை மனதுக்குள் பத்து முறையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். அறுபது பேர் முன்னால் கையைத் தூக்குவதைவிட, வகுப்பு முடிந்ததும் நோட்டை நீட்டிச் சந்தேகம் கேட்பது எவ்வளவோ எளிது. அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் கூச்சத்தோடு சேர்த்துவிடாதீர்கள். சீனியர்கள் யாராவது தொந்தரவு செய்தால் அதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-இலேயே சட்டம் வந்துவிட்டது. நேரில் சொல்ல வாய் வராவிட்டால் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். அதேபோல் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, காலையில் எழவே மனமில்லை என்று நாள்கணக்கில் போனால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஊருக்குத் திரும்புவதை இந்த செமஸ்டர் முடியும்வரையாவது தள்ளிப்போடுங்கள். இப்போதைக்கு இரண்டே காரியம் போதும். இன்று இரவு மெஸ் திறந்ததும் போய்ச் சாப்பிடுங்கள், யாரோடும் பேச வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த லேபில் உங்கள் ரோல் நம்பருக்கு அடுத்தவரிடம், "ரீடிங் நான் எடுக்கிறேன், நீங்க எழுதிக்கிறீங்களா?" என்று கேளுங்கள்.