பொங்கல் விடுமுறையில் கன்னியாகுமரி: வண்டியை எங்கே விடுவது?

நாகர்கோவிலில் நெடுங்காலம் சுற்றுலா வேன் ஓட்டி, இப்போது சொந்தமாக வண்டிகளை வாடகைக்கு விடும் அண்ணாச்சி ஒருவரிடம் வாசகர்கள் கேட்டவையும் அவர் எழுதிய பதில்களும்.

கேள்வி (மதுரை): அண்ணாச்சி, சனிக்கிழமை சூரிய உதயம் பார்க்கக் காரில் வருகிறோம். கடற்கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, வெள்ளிக்கிழமை இரவே வந்து அறை எடுத்துப் படுத்துக்கொண்டால். விடுமுறை நாளில் ஊருக்குள் மூன்று கூட்டம் வந்து சேரும். உதயம் பார்க்க வருகிறவர்கள் இருட்டோடு வந்துவிடுவார்கள். அடுத்து படகுக்கு வரிசை பிடிக்கிறவர்கள். பிறகு மாலையில் அஸ்தமனக் கூட்டம். ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டி உதயம் முடிகிறது. முதல் கூட்டம் இட்லிக் கடை தேடிக் கிளம்பும் ஏழிலிருந்து எட்டு மணிக்குள் கொஞ்சம் இடம் காலியாகும். அதற்குப் பிறகு நம்பிக்கை வேண்டாம். 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் அப்படியே வள்ளுவர் சிலைக்கும் நடந்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்புகிறார்கள். அதுவரை அவர்கள் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

உதயம்தான் நோக்கம் என்றால் காந்தி மண்டபம் வரை காரைக் கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தின் பக்கம் இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்தால் கால் மணி நேரத்தில் கடல். விவேகானந்தபுரம் பக்கம் நிறுத்தினால் ஆட்டோ பிடிக்கலாம். ‘உள்ளே போய்ப் பார்ப்போமே’ என்று சன்னதித் தெருப் பக்கம் நுழைந்து, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல், பக்கக் கண்ணாடியில் உதயம் பார்த்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கேள்வி (கோவில்பட்டி): வீட்டு வாசலிலும் காலிமனையிலும் ‘பார்க்கிங்’ என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்பி விடலாமா அண்ணாச்சி?

பதில்: பலவும் நல்ல இடங்கள்தான். ஆனால் பணம் கொடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். ரசீதில் வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் இருக்கவேண்டும். வெறும் ‘ரூ.’ என்று மட்டும் அச்சடித்த துண்டுக் காகிதத்தை வைத்து நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. இரவு தங்குகிற வண்டி என்றால் அங்கே படுக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். பகலில் பணம் வாங்குகிற பையன் இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவான். பிறகு வெளியேறும் வழி. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் மனையில் உங்கள் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டால், கடைசியாக வந்தவர் படகிலிருந்து இறங்கும் வரை நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டே இருக்கலாம்.

அப்படி நகர்த்துவதற்காகச் சாவியைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். எடுக்கும்போது அழைக்கச் சொல்லி அலைபேசி எண்ணைக் கொடுங்கள். தங்கும் விடுதியில் சாவியைக் கொடுப்பது வேறு கதை. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடுபோன வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்ததைக் காட்டி, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது. அந்தக் கார் காணாமல்போனது 1998-ல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (வெட்டூர்ணிமடம்): நாங்கள் உள்ளூர். பொங்கலுக்கு மூன்று நாள் சென்னை போகிறோம். காரைத் தெருவோரம் விட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கிற வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ரயிலில் போவதாக இருந்தால் நிலையத்தின் கட்டண நிறுத்தத்தில் விடுங்கள். பலகையில் நாள் கணக்கா மணிக் கணக்கா என்று படித்துவிட்டு விடுங்கள். அதைவிட நல்லது, மதில் சுவர் உள்ள சொந்தக்காரர் வீடு.

ஆனால் அங்கே போய்த் தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். நம் மாவட்டத்தில் திருடனைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். காய்ந்த மட்டை விழுந்தாலே மேற்கூரையில் நீளமாகக் கோடு விழும்; நெற்று விழுந்தால் பானெட்டில் ஒரு கைப்பிடிக் குழி. நிறுத்தும் முன் அண்ணாந்து பாருங்கள். பழுத்துத் தொங்கும் மட்டையோ பழுப்பேறிய குலையோ தெரிந்தால் நிழல் கிடக்கட்டும், வெயிலே மேல். முழுக் காப்பீடு இருந்தால்தான் இதற்குப் பணம் கிடைக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர் அந்தத் தேங்காயை எடுத்துக் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (திருநெல்வேலி): கடலைப் பார்த்து நிறுத்தினால் வண்டிக்குக் கெடுதலா?

பதில்: ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஊர் திரும்பியதும் அடிப்பகுதியையும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கதவைத் திறக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பிடுங்கிப் பக்கத்து வண்டியில் அடித்துவிடும்.

கேள்வி (ராஜபாளையம்): சொத்தவிளை, முட்டம் பக்கம் கூட்டம் குறைவு என்கிறார்களே, மணல் வரை வண்டி போகுமா?

பதில்: போகும். திரும்பி வருவதுதான் சிரமம். சக்கரம் புதைந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் இறங்கும். ஆட்களை இறக்கிவிட்டு, டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன் மணலைக் கையால் பறித்துப் பலகை கொடுத்து மெல்ல எடுக்கவேண்டும். தார்ச் சாலை முடிகிற இடத்திலேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, மீனவர் ஊர்களில் காலியாகத் தெரிகிற இடமெல்லாம் காலி இல்லை. வலை விரித்துப் பின்னுகிற இடம், கருவாடு காய்கிற இடம், வள்ளம் இறக்குகிற வழி என்று ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. ஞாயிறு காலையில் கோயில் வாசலை அடைத்து நிறுத்தினால் திருப்பலி முடிந்து வருகிற மொத்த ஊருக்கும் பதில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கிற பெரியவரிடம் “இங்கே விடலாமா ஐயா?” என்று கேளுங்கள். சரி என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் வண்டிக்கு அவர்தான் காவல்.

கேள்வி (தக்கலை): திரும்பி வந்தால் வண்டி இல்லை. முதலில் என்ன செய்வது?

பதில்: பதறாமல் போக்குவரத்துப் போலீசிடம் கேளுங்கள். இழுத்துப் போயிருக்கலாம். இடையூறாக நிறுத்தியதற்கு 500 ரூபாய் அபராதம், இழுத்த செலவு தனி. அவர்களிடம் இல்லை என்றால்தான் திருட்டு. உடனே 112, அடுத்து எழுத்துப்பூர்வமான புகார், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல். அசல் ஆர்.சி. புத்தகத்தை வண்டியில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் இருப்பதே செல்லும். காருக்குள் விட்ட நகைக்கும் மடிக்கணினிக்கும் வண்டிக் காப்பீடு பணம் தராது.

கேள்வி (அருப்புக்கோட்டை): அம்மாவுக்கு முழங்கால் வலி. தூரத்தில் நிறுத்தி நடக்கவைக்க முடியாதே அண்ணாச்சி?

பதில்: அம்மாவையும் துணைக்கு ஒருவரையும் ஐந்து மணிக்கு முன்னால் கடற்கரை அருகே இறக்கிவிட்டு, வண்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். திரும்பும்போது அதே நெரிசலுக்குள் காரைக் கொண்டுவராமல், அவர்களை ஆட்டோவில் வண்டி நிற்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு உதயம் தவறிவிட்டால் மாலையில் கோவளம் சாலையில் அஸ்தமனம் இருக்கிறது. அதற்கும் நாலரைக்கே போய் இடம் பிடிக்கச் சொல்லுங்கள்.