பழைய லாரி டயரை மைக்ரோவேவ்ல போட்டா திரும்பப் புது ரப்பர் ஆகுமா?

"சங்ககிரி பக்கம் எங்க ஷெட்டுல பழைய லாரி டயர் மலையா கெடக்கு, மைக்ரோவேவ் அடிச்சா மறுபடி ரப்பர் ஆயிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், நெஜமா, சேலத்துல சின்னதா பண்ணலாமா"ன்னு கேட்டிருக்கீங்க.

நெஜம்தாங்க. ஆனா டயரை அப்படியே தூக்கி உள்ள போடற வேலை கெடையாது. எங்க மாமா சீலநாய்க்கன்பட்டி பைபாஸ்ல டயர் ரீட்ரேடிங் பட்டறை, அதாவது தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் போடற பட்டறை வெச்சிருந்தாரு, ஸ்கூல் லீவு முழுக்க அங்கதான் இருப்பேன், இப்ப பதினாலு வருஷமா லாரி புஷ்ஷு, மேட்டு பண்ற ஒரு யூனிட்ல மிக்ஸிங் மில்லு, அதாவது ரெண்டு ரோலுக்கு நடுவுல ரப்பரை விட்டுப் பிசையற மெஷின், என் பொறுப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நம்ம செவ்வாப்பேட்டைல பழைய கொலுசை உருக்கி புதுக் கொலுசு பண்ணிடறாங்க இல்லியா, ரப்பர்ல அது நடக்காது. 1839ல சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்சாரே, ரப்பரோட கந்தகத்தைச் சேத்து சூடு பண்றது, ரப்பர்ங்கறது நீள நீளமான மூலக்கூறு சங்கிலிங்கதான், அப்படி வேக வெச்சதுக்கப்புறம் ஒரு சங்கிலியும் இன்னொரு சங்கிலியும் கந்தகத்தால முடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுது. 100 கிலோ ரப்பருக்கு ரெண்டு கிலோ கந்தகமே போதும், அம்புட்டையும் கட்டிப் போட்டுடும். ஒரு தடவை வெந்த ரப்பர் மறுபடி உருகாது, தீய்ஞ்சுதான் போகும். அதனாலதான் டயர் மலையா கெடக்குது, மழைத் தண்ணி நின்னு டெங்கு கொசு வருது, இல்லன்னா எவனாவது ராத்திரில அடுப்புக்கு எரிக்கறான். அந்தக் கரும்புகைய சுவாசிச்ச ஊர்ல வளந்தவன் நான், இதுக்கு ஒரு வழி பொறக்கணும்னு மனசாரவே ஆசைப்படறேன்.

கயித்துக் கட்டிலை நெனைச்சுக்கோங்க. முடிச்சை அவுத்தா கயிறு முழுசாக் கெடைக்கும், அரிவாள வெச்சு வெட்டுனா துண்டு துண்டாத்தான் கெடைக்கும். ரப்பர்லயும் அதேதான். சங்கிலியோட கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு சுமார் 350 கிலோஜூல் வேணும், கந்தகம்-கந்தகம் பிணைப்புக்கு 270க்குள்ளயே போதும். அந்த இடைவெளியை நம்பித்தான் 1978ல குட்இயர் டயர் கம்பெனிக்காரங்க மைக்ரோவேவ் முறைக்கு பேட்டன்ட் வாங்குனாங்க, 915 இல்லன்னா 2450 மெகாஹெர்ட்ஸ் அலை, இந்த 2450 நம்ம வீட்டு மைக்ரோவேவ் அடுப்புல இருக்கறதேதான். இன்னொரு விஷயம், கார் கதவு ஓரத்துல வர்ற ரப்பர் பீடிங்கை வேக வெக்கறதும் பல கம்பெனில மைக்ரோவேவ்தான். முடிச்சுப் போடறதும் அதே சூடு, அவுக்கறதும் அதே சூடு, எவ்வளவு எவ்வளவு நேரம்ங்கறதுதான் கணக்கு.

ஆனா அலை நேரா போயி கந்தக முடிச்சைத் தேடிப் பிடிச்சு அறுக்குதுன்னு அந்த வீடியோல சொல்லியிருந்தா நம்பாதீங்க. ரப்பர் பெருசா அந்த அலைய வாங்கிக்கவே வாங்கிக்காது. வாங்கறது உள்ள இருக்கற கார்பன் பிளாக், அந்தக் கருப்புத் தூள்தான் சூடாகி சுத்தி இருக்கற ரப்பருக்குக் குடுக்குது. கார்பன் இல்லாத வெள்ளை ரப்பரை வெச்சா லேசுல சூடேறாது. டயருக்குள்ள இருக்கற இரும்புக் கம்பியோட வெச்சா பொறி பறக்கும். கார்பன் ஒரு எடத்துல கூட, ஒரு எடத்துல கம்மின்னா ஒரு பக்கம் வேகாம ஒரு பக்கம் கருகும்.

போன வருஷம் ஒரு காலேஜ் பசங்க டயர் ரப்பரைத் தூளாக்கி மைக்ரோவேவ்ல வெச்சு ரெண்டு பை கொண்டு வந்து மில்லுல ஓட்டித் தாங்கண்ணான்னு கேட்டாங்க. முதல் பை ரோலுல மணல் மாதிரி கொட்டிட்டே இருந்துச்சு, ஏழெட்டு தடவை விட்டதும் மெல்ல ஷீட்டா பிடிச்சுது, எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு, ஏன்னா வெந்த தூளு அப்படிப் பிடிக்கவே பிடிக்காது. ரெண்டாவது பை போட்ட உடனே தாரு மாதிரி பிசுபிசுன்னு ரோலுல ஒட்டிக்கிச்சு. பசங்க இதுதான் நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க, ஆனா அது வெட்டுன கயிறு, புதுக் கந்தகம் போட்டு வேக வெச்சு இழுத்தா கையிலயே பிஞ்சுது. டொலுவின்ங்கற கரைப்பான்ல மூணு நாள் ஊற வெச்சு எவ்வளவு ஊதுது, எவ்வளவு கரையுதுன்னு பாத்தா முடிச்சு அவுந்ததா சங்கிலி அறுந்ததான்னு கணக்குப் போட்டுடலாம், 1956லயே ஹோரிக்ஸ்ங்கறவர் அதுக்கு வழி சொல்லிட்டாரு. மெத்துன்னு இருக்குன்னு யாராவது சாம்பிள் காட்டுனா இந்த டெஸ்ட் ரிசல்ட்டைக் கேளுங்க.

இயற்கை ரப்பர் அதிக சூட்டுல அறுந்து ஒட்டும், கார் டயர்ல நெறைய இருக்கற எஸ்பிஆர்ங்கற செயற்கை ரப்பர் சூட்டுல இன்னும் இறுகும். ரெண்டும் கலந்த குவியலுக்கு ஒரே சூடு வெச்சா எதுக்கும் சரிப்படாது. அதனால எதுல எந்த ரப்பர் எவ்வளவுன்னு தெரியாத உங்க ஷெட்டு மலையில ஆரம்பிக்க வேணாம்ங்கறதுதான் என் கருத்து. ரீட்ரேடிங் பட்டறைல ரோட்டுல படற மேல்பட்டன் தேஞ்ச டயரைச் சுரண்டறப்ப விழற பஃபிங் தூள் இருக்கு பாருங்க, கம்பி இல்ல, நூல் இல்ல, லாரி டயரோட மேல்ரப்பர் மட்டும், பெரும்பாலும் இயற்கை ரப்பர். மாமா பட்டறைல அதை மூட்டை மூட்டையா பின்னாடி கொட்டி வெச்சிருப்பாங்க. சேலம், சங்ககிரி, நாமக்கல்னு இத்தனை லாரி ஓடற ஊர்ல அது ஒரு சொத்து.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்புல மட்டும் முயற்சி பண்ணிடாதீங்க, கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும், தீயும் பிடிக்கும். ஒழுங்கா பண்ண கிளறிட்டே இருக்கற அறை, தீப்பிடிக்காம இருக்க உள்ள நைட்ரஜன், வெளிய வந்ததும் உடனே ஆத்தற வசதி, புகைய கழுவற ஸ்க்ரப்பர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எல்லாம் வேணும், சின்ன முதலீடு இல்லீங்க. 2022ல வந்த விதிப்படி டயர் கம்பெனிங்க பதிவு பண்ண மறுசுழற்சி யூனிட்டுங்ககிட்ட, பழைய டயரை மறுசுழற்சி பண்ணதுக்கான சர்டிஃபிகேட்டைக் காசு குடுத்து வாங்கியாகணும், அந்த வருமானத்தையும் கணக்குல சேத்துப் பாருங்க.

இப்போதைக்கு நாலு பட்டறைல தூள் வாங்கி பட்டறைவாரியா தனித்தனி மூட்டை கட்டி வைங்க, கலந்துடாதீங்க. மழை படாமப் பாத்துக்கோங்க, ஈரம் இருந்தா அலை மொதல்ல தண்ணியைத்தான் சூடாக்கும், நீங்க வெச்ச நேரக் கணக்கெல்லாம் தப்பிடும்.