ஆல்ஃபா 0.95 வந்துவிட்டது, தமிழாக்கம் தேறிவிட்டதா?

கேள்வி: சேலத்தில் பிசியோதெரபி முதுநிலை படிக்கிறேன். பெர்க் சமநிலை அளவுகோலை (14 சிறு பணிகளைச் செய்யவைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் சோதனை) தமிழாக்கி, பக்கவாதம் வந்த 30 பேரிடம் வைத்துப் பார்த்தேன். க்ரான்பாக் ஆல்ஃபா 0.95. இது போதுமா?

பதில்: போதாது. 14 பணிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே ஆல்ஃபா சொல்லும். எழுந்து நிற்கவே தடுமாறுபவர் ஒற்றைக்காலிலும் நிற்க மாட்டார். எனவே தமிழாக்கம் சுமாராக இருந்தாலும் இந்த எண் உயரமாகத்தான் வரும். அந்த 30 பேரை முன்சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். பணியைச் செய்யச் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் வாசித்தபின் என்ன புரிந்தது என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்குத் தேவை, ஒரே நோயாளிக்கு இரண்டு பிசியோதெரபிஸ்ட்கள் ஒரே மதிப்பெண் போடுகிறார்களா என்பது. வீடியோ எடுத்து இன்னொருவரிடம் காட்டுவது சுலபம்தான். ஆனால் அதில் மதிப்பெண் போடுவது மட்டுமே சோதிக்கப்படும், கட்டளை சோதிக்கப்படாது. இரண்டாமவர் தானே கட்டளையை வாசித்துப் புதிதாகச் செய்யவைக்க வேண்டும்.

பிசகு பெரும்பாலும் வருவது நம் வாய்ப்பழக்கத்தில். "மெதுவா, பார்த்து" என்று சேர்க்காமல் நம்மால் நோயாளியிடம் பேச முடிவதில்லை. முழுச்சுற்றுத் திரும்பும் பணியில் இருபுறமும் 4 நொடிக்குள் திரும்பினால் 4 மதிப்பெண். பத்திரமாக, ஆனால் மெதுவாகத் திரும்பினால் 2. அந்த ஒரு சொல் இரண்டு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். கட்டளையை அட்டையில் அச்சிட்டு, அதில் உள்ளதை மட்டும் வாசியுங்கள். உடன் வந்தவர் கையைப் பிடிக்க வருவார். அவரைத் தள்ளி உட்காரவையுங்கள். நாற்காலி, ஸ்டூல் இரண்டும் கடைசிவரை மாறக்கூடாது.

குறைந்தது 50 பேர். 100 பேர் கிடைத்தால் நல்லது. ஓபிக்கு நடந்து வருபவர்களை மட்டும் எடுத்தால் பலரும் முழு மதிப்பெண்ணான 56ஐத் தொட்டுவிடுவார்கள். 15 சதவீதத்துக்கு மேல் தொட்டால் உச்ச விளைவு, அதாவது நன்றாக இருப்பவர்களை அளவுகோலால் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று எழுத வேண்டிவரும். வார்டில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுசோதனைக்கு, அதாவது அதே ஆளைச் சில நாள் கழித்து மறுபடி சோதிப்பதற்கு, பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்து நிலை மாறாதிருப்பவர்கள்தான் சரி. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருபவரை மூன்று நாளில் மறுபடி அழைத்தால் நன்றாக நடப்பவர் மட்டுமே வருவார். அவருடைய அடுத்த சிகிச்சை நாளிலேயே வையுங்கள். வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுபவர்கள் இங்கே நிறைய. பதிவுப் படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் போடுங்கள்.

ஐசிசியை (இரண்டு முறை போட்ட மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) கணக்கிடும்போது 'முழு உடன்பாடு' வகையைத் தேர்ந்தெடுங்கள். 'சீர்மை' வகையில், ஒருவர் எப்போதும் 3 குறைத்துப் போட்டாலும் தெரியாது. பிறகு அளவீட்டுப் பிழை: திட்டவிலக்கம் 10, ஐசிசி 0.96 என்றால் 10 × √0.04 = 2. இதை 1.96ஆலும் √2ஆலும் பெருக்கினால் சுமார் 5.5. இதைவிடச் சிறிய மாற்றம் வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். அப்படியானால், ஒருவர் 36இலிருந்து 40க்கு வந்ததை உங்கள் தமிழ் அளவுகோலை வைத்து முன்னேற்றம் என்று எழுத முடியாது, 42 வேண்டும்.